தடாவில் ஒரு ஜப்பானியர்: எல்லை ஊரில் வெளிநாட்டவருக்கு நட்பு அமைந்த விதம்

பதிவின் எல்லை

வேலைக்காக நம் பக்கம் வந்து தங்கும் வெளிநாட்டவர் ஒருவருக்கு உள்ளூர் நட்பு எப்படி அமைந்தது, எங்கெங்கே தடுக்கி நின்றது என்பதை இந்தப் பதிவு வரிசையாகச் சொல்கிறது. அவரும் அவரோடு பழகியவர்களும் சொன்னதே இதற்கு ஆதாரம். ஆள் தெரியாமலிருக்கத் தொழில், உறவு விவரங்கள் சில மாற்றப்பட்டுள்ளன. இதைப் படித்துப் பயன் பெறக்கூடியவர்கள் இரண்டு தரப்பார். ஒன்று, வெளியூரிலிருந்து வந்து தனித்து நிற்பவர்கள். மற்றது, அவர்களைத் தெருவில் பார்த்து 'பேசலாமா வேண்டாமா' என்று தயங்கும் நம்மவர்கள்.

பின்னணி

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால், ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் ஆந்திரத்தின் தடா வந்துவிடும். கிழக்கே பழவேற்காடு ஏரி, மேற்கே வரதய்யபாளையம், சத்தியவேடு. சத்தியவேட்டைச் சுற்றிய பல கிராமங்கள் 1960 ஏப்ரல் 1 வரை சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. திருத்தணி தமிழகத்துக்கு வந்த அதே எல்லை மாற்றத்தில் அவை ஆந்திரத்துக்குப் போயின. அதனால் இங்கே பல குடும்பங்களில் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கடைத்தெருவில் இரண்டும். ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வளர்ந்த பிறகு ஜப்பானிய நிறுவனங்கள் பல இங்கே ஆலை தொடங்கின. அவற்றில் வேலை பார்க்கும் ஜப்பானியர்களில் பெரும்பாலானோர் சென்னையில் தங்கி, தினமும் காரில் வந்து போகிறார்கள்.

நமது ஆள் வாகன உதிரிபாக ஆலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். வயது 41. பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தை ஜப்பானிலேயே விட்டுவிட்டு, மூன்றாண்டுப் பணிக்கு ஓர் ஏப்ரல் மாதம் தனியாக வந்தார். கிளம்பும் முன் சில மாதம் இந்தி படித்திருந்தார். தடாவில் அது கைகொடுக்கவில்லை.

முதல் ஐந்து மாதம் சென்னையில்

இந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாரநாளில் ஆலை, வாரக் கடைசியில் ஜப்பானிய உணவகம், சக ஜப்பானியரோடு கோல்ஃப். தனிமையும் இல்லை, உள்ளூர்ப் பழக்கமும் இல்லை.

வெளிநாட்டு மாணவர்களின் நட்பு வட்டங்களை ஆராய்ந்த ஸ்டீஃபன் போக்னரும் உடனாய்வாளர்களும் 1977-ல் அவற்றை மூன்றாகப் பிரித்தார்கள். தன் நாட்டவர் வட்டத்தில் மனம் ஆறும், சொந்தப் பண்பாடு தொடரும். உள்ளூர்க்காரர் வட்டத்தில் படிப்பும் அலுவல் காரியமும் நடக்கும். பிற வெளிநாட்டவர் வட்டம் பொழுதுபோக்குக்கு. இவருக்கு முதல் வட்டம் நிறைந்திருந்தது. இரண்டாவது வட்டத்தில் இருந்தவர்கள் டிரைவர், சமையல்காரர், மொழிபெயர்ப்பாளர், கீழே வேலை செய்யும் இளம் பொறியாளர்கள். எல்லோரும் சம்பளத்தின் வழியே அவரோடு கட்டுண்டவர்கள். அவர்கள் சிரித்தால் அது அன்பா மரியாதையா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. வெளிநாட்டில் அதிகாரியாக இருப்பவர்களின் அடிப்படைச் சிக்கல் இதுதான். கூச்ச சுபாவம், மொழி தெரியாமை எல்லாம் இதற்குப் பிறகு வருபவை.

போக வர நான்கு மணி நேரம் காரில் கழிவதைக் காரணம் காட்டி, செப்டம்பரில் தடாவில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தார். கீழே வீட்டுக்காரர் குடும்பம், தமிழ்க்காரர்கள். முகவரி மாற்றத்தை வெளிநாட்டவர் பதிவுக்கான அரசுத் தளமான இ-எஃப்ஆர்ஆர்ஓ-வில் பதிவதும், வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரர் அன்றைய விதிப்படி 24 மணி நேரத்துக்குள் படிவம் சி தாக்கல் செய்வதும் அப்போது ஆலையின் மனிதவளப் பிரிவு உதவியோடு முடிந்தன. மனிதவளப் பிரிவில் இருந்த சத்தியவேட்டுக்காரப் பெண் அதிகாரி இந்தக் கதையில் பல இடங்களில் வருவார். இவருக்குக் கிடைத்த நல்ல ஆலோசனைகளில் பாதி அவர் தந்தது.

புரட்டாசி விருந்து

குடிவந்த மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு இவர் ஆலை ஊழியர் பன்னிரண்டு பேரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். இரண்டு வாரம் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, சென்னையிலிருந்து சிக்கன் பிரியாணி வரவழைத்து, பீரும் வாங்கி வைத்திருந்தார். ஜப்பானில் அலுவலகம் முடிந்து சேர்ந்து குடிக்கப் போவதுதான் சக ஊழியர்கள் மனம்விட்டுப் பேசும் இடம். அதையே இங்கே கொண்டுவரப் பார்த்தார்.

மூன்று பேர் வந்தார்கள். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்கள். அவர் தட்டை எடுத்துக் கொடுக்கும் வரை யாரும் மேசைப் பக்கம் போகவில்லை. ஒருவர் தயிர்ச் சாதம் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை. இரண்டு பேர் வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் "வர்றோம் சார்" என்று எழுந்துவிட்டார்கள். மறுநாள் வீட்டுக்கார அம்மா, பெருமாள் மாதத்தில் மாடியில் பிரியாணி வாசனை வந்ததைப் பற்றி மனிதவள அதிகாரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

இதில் ஒரே நேரத்தில் நான்கு விஷயங்கள் பிசகின.

முதலாவது மாதம். திருப்பதிக்கு இவ்வளவு பக்கத்தில் புரட்டாசியில் பெரும்பாலான தமிழ் வீடுகளில் கறி எடுப்பதில்லை. அது முடிந்தாலும் உடனே வழி திறக்காது. தீபாவளி மறுநாள் தெலுங்குக்காரர்களின் கார்த்திக மாசம் தொடங்கும், பலர் அப்போதும் சைவம். நவம்பர் நடுவில் ஐயப்பனுக்கு மாலை போடுபவர்கள் வேறு. எல்லை ஊரில் இரண்டு பஞ்சாங்கமும் ஓடுவதால், செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை யாராவது ஒருவர் விரதத்தில் இருந்துகொண்டே இருப்பார். இந்த நான்கு மாதத்தில் கூப்பிட்டால் சைவம், அதுவும் தனிப் பாத்திரத்தில். கறி விருந்துக்குப் பொங்கலுக்குப் பிறகு நாள் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, அழைத்த விதம். மின்னஞ்சலில் வந்த அழைப்பை அவர்கள் ஆலைக் கூட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது, பீர். மேலதிகாரி வீட்டில் குடித்ததாகத் தெரிந்தால் தங்கள் வீட்டில் என்ன பேச்சு வரும் என்பது வந்தவர்களுக்குத் தெரியும். நான்காவதுதான் பெரியது. அழைக்கப்பட்ட எல்லோரும் அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள். எந்த விருந்து போட்டாலும் இந்த ஒன்று மாறியிருக்காது.

அதன் பிறகு அவர் யாரையும் அழைக்கவில்லை. நவம்பர், டிசம்பரில் வாரக் கடைசியில் மாடிக் கதவு திறப்பதே இல்லை என்று வீட்டுக்காரர் கவனித்திருக்கிறார். வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அமெரிக்காவில் படிக்கவும் பணிபுரியவும் போன நார்வேக்காரர்களை ஆராய்ந்து ஸ்வெர் லிஸ்கார்ட் 1955-ல் எழுதியதில், அங்கே ஆறு முதல் பதினெட்டு மாதம் வரை இருந்தவர்களே அதற்குக் குறைவாகவும் கூடுதலாகவும் இருந்தவர்களைவிடச் சிரமப்பட்டார்கள் என்று கண்டார். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும், புதுமை தீர்ந்து பழக்கம் கூடாத நடுக்காலம் ஒன்று உண்டு என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது. இவர் இடமாற்றம் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார், அனுப்பவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஜனவரி தொடக்கத்தில் மனிதவள அதிகாரியோடு உட்கார்ந்து பேசியதில் மூன்று முடிவுகள் வந்தன.

ஆலைக்கு வெளியே ஆள் தேடுவது முதல் முடிவு. சம்பளம், ஒப்பந்தம், சப்ளை என்று ஆலையோடு எந்தப் பிணைப்பும் இல்லாதவர்கள் கூடும் இடம் வேண்டும்.

ஒருமுறை நடக்கும் விருந்து, சுற்றுலா எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வாரத்தில் பலமுறை தானாக நடக்கும் ஒன்றில் சேர்வது இரண்டாவது. ஜெஃப்ரி ஹால் 2018-ல் அமெரிக்காவில் செய்த ஆய்வு இதற்கு ஓர் அளவு தருகிறது. தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து மேலோட்டமான நண்பராகச் சுமார் 50 மணி நேரம், நண்பராகச் சுமார் 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். சேர்ந்து வேலை செய்யும் நேரம் இதில் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை என்கிறார் அவர். மாதம் ஒரு விருந்து, இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் மூன்றாண்டுப் பணிக்காலம் முழுதும் 72 மணி நேரம்தான் தேறும். வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்றால் எட்டு மாதத்தில் 200 வந்துவிடும்.

இடம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மூன்றாவது. பக்கத்தில் இருப்பதே நட்பின் பெரும்பகுதி என்பதை எம்ஐடி குடியிருப்புகளில் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் மூவரும் ஆராய்ந்து 1950-லேயே காட்டிவிட்டார்கள். இங்கே கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. ஆலைக் காரில் போய் இறங்கினால் டிரைவர் வெளியே காத்திருப்பார். அதைப் பார்க்கும் எவருக்கும் வந்திருப்பவர் 'கம்பெனி சார்'தான்.

வீட்டுக்காரர் கைகாட்டிய இடம் பத்து நிமிட நடையில் இருந்த ஷட்டில் ஷெட். தகரக் கூரை, சிமென்ட் தரை, எட்டு எல்இடி விளக்கு, ஒரே கோர்ட். காலை 5.30 முதல் 7 வரை ஆடும் பத்துப் பேர்: மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், அரசுப் பள்ளி பி.டி. மாஸ்டர், இறால் குட்டை போட்டிருப்பவர், வங்கி ஊழியர், டூவீலர் மெக்கானிக், இன்னும் சிலர். ஆலைக்காரர் ஒருவரும் இல்லை. இவர் பள்ளி நாட்களில் பேட்மின்டன் ஆடியவர்.

மொழி விஷயத்தில் இந்தியைக் கைவிட்டு, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரிடம் வாரம் மூன்று முறை, முக்கால் மணி நேரம் பேச்சுத் தமிழ் படிக்கத் தொடங்கினார். பாடப் புத்தகம் கிடையாது. முந்தின நாள் கோர்ட்டில் காதில் விழுந்ததை ஜப்பானிய எழுத்தில் குறித்துக்கொண்டு வருவார், அதுவே அன்றைய பாடம். "சர்வீஸ் யாருது?", "வெளிய விழுந்துச்சா?", "இன்னிக்கு மாஸ்டர் ஏன் வரல?" வினை கடைசியில் வருவதும், பெயரின் பின்னால் உருபு ஒட்டுவதும் ஜப்பானியத்திலும் உண்டு. அதனால் வாக்கிய அமைப்பு அவருக்குச் சிரமம் தரவில்லை. ழகர, லகர, ரகரம்தான் கடைசி வரை பாடு.

கோர்ட்டில் நடந்தது

ஒற்றைக் கோர்ட்டில் பத்துப் பேர் ஆடும் முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நட்பு உருவான இடம் அதற்குள்தான் இருக்கிறது. டபுள்ஸ், 21 பாயின்ட், ஒரே கேம். தோற்ற ஜோடி வெளியே வரும், காத்திருக்கும் ஜோடி உள்ளே போகும். ஒரு கேம் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். ஆக ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர் பாதிக்கு மேல் சுவரோரத் திண்டில்தான் உட்கார்ந்திருப்பார். வியர்வை துடைத்துக்கொண்டு, எதிரே நடக்கும் ஆட்டத்தைப் பார்த்தபடி, பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சு. முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேச வேண்டிய கட்டாயமில்லை. பேச்சு நின்றால் ஆட்டத்தைப் பார்க்கலாம். அரைகுறைத் தமிழோடு வந்தவருக்கு இதைவிட வசதியான வகுப்பறை கிடைக்காது. ஜிம், நீச்சல், காலை நடை எல்லாம் உடம்புக்கு நல்லவைதான், ஆனால் அவற்றில் இந்தத் திண்டு இல்லை. வெளியூர்க்காரர் எந்தக் குழுவில் சேரலாம் என்று யோசிக்கும்போது, அங்கே காத்திருக்கும் நேரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதல் மாதம் சரியாகப் போகவில்லை. எல்லோரும் 'சார்' என்றார்கள், நல்ல பார்ட்னரை அவருக்கே விட்டுக்கொடுத்தார்கள், கோட்டில் விழுந்ததா என்ற சந்தேகத்தில் அவர் சொன்னதே தீர்ப்பு. மரியாதை, ஆனால் விளையாட்டு இல்லை. மாதச் சந்தா 500 ரூபாயை அவர் முதல் நாளே ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டியிருந்தார். வாரநாளில் நைலான் கார்க், ஞாயிறு மட்டும் இறகுக் கார்க் என்பது அங்கே வழக்கம். இறகு சீக்கிரம் உடையும், செலவு தாங்காது. இவர் தினமும் இறகுக் கார்க் டியூப் கொண்டுவந்தார். ஆட்டம் முடிந்து எதிர்க் கடையில் டீ குடித்தால் எல்லோருக்கும் இவரே காசு கொடுத்தார். மூன்றாவது வாரத்தில், ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக "கடை திறக்கணும்", "வீட்ல வேலை" என்று கிளம்பினார்கள். டீக்கடையில் இவரும் மெக்கானிக்கும் மட்டும் நின்றார்கள்.

தாராளமாகச் செலவு செய்தும் ஆட்கள் விலகுவது அவருக்குப் புரியவில்லை. பி.டி. மாஸ்டர்தான் வெளிப்படையாகச் சொன்னார்: "தினம் நீங்களே குடுத்தா நாங்க எப்ப சார் குடுக்கறது?" திருப்பிச் செய்ய முடியாத கொடை எதிராளியைச் சின்னவராக்கிவிடும். சின்னவராக உணரும் இடத்துக்கு யாரும் விரும்பிப் போக மாட்டார்கள். இந்த நிகழ்வு முழுவதிலும் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருந்தால் அது இதுதான் என்பது எங்கள் கருத்து.

மாஸ்டர் ஒரு விதி வைத்தார். கடைசிக் கேமில் தோற்ற ஜோடி அன்றைய டீக்குக் காசு கொடுக்க வேண்டும், வேறு யாரும் பையில் கை வைக்கக் கூடாது. இறகுக் கார்க் ஞாயிறு மட்டும், சந்தாவிலிருந்து. அந்த வாரமே டீக்கடையில் கூட்டம் திரும்பியது. கடைசிக் கேம் என்றால் இப்போது உண்மையான சண்டை. கோட்டில் விழுந்ததா என்று ஜப்பானியரிடமும் கத்தத் தொடங்கினார்கள். ஒருநாள் 20-20-ல் அவர் அவுட் என்றதை மெக்கானிக் ஒத்துக்கொள்ளாமல், விழுந்த இடத்தைச் செருப்பால் தேய்த்துக் காட்டி வாதாடினார். அன்று வந்திருந்த எட்டுப் பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசித் தீர்த்தார்கள், அவர் தோற்றார், எட்டு டீக்குக் காசு கொடுத்தார். மெக்கானிக் அன்றைக்குத்தான் அவரை முதல்முறையாக 'அண்ணா' என்றார்.

மாடி வீட்டிலும் இதே கணக்கு வேறு விதத்தில் நடந்தது. வீட்டுக்கார அம்மா கிண்ணத்தில் கூட்டோ பொரியலோ கொடுத்தனுப்புவார். இவர் ஒரு மணி நேரத்தில் பளபளவென்று கழுவி, வெறும் கிண்ணமாகத் திருப்பிவிடுவார். சுத்தம் சரி, ஆனால் வெறும் பாத்திரமாகத் திருப்புவது நம் வழக்கமில்லை. அதோடு உடனே திருப்புவது கணக்கை முடிப்பதாகிவிடும். தமிழ் ஆசிரியை சொன்ன பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்து நான்கு கொய்யாவோ, கொஞ்சம் வேர்க்கடலையோ போட்டுக் கொடுத்தார். விலை உயர்ந்த ஜப்பானிய இனிப்புப் பெட்டியை ஊருக்குப் போய் வரும்போது மட்டும் கொடுத்தார். கொய்யாவுக்குப் பிறகுதான் அந்த அம்மா மாடிப்படி ஏறி வந்து பேச ஆரம்பித்தார்.

பணம் வந்த இடங்கள்

மே மாதம் மெடிக்கல் ஷாப்காரரின் தங்கைக்குக் கல்யாணம். பத்திரிகையை வீட்டுக்கே வந்து வைத்தார்கள். ஜப்பானில் நண்பர் கல்யாணத்துக்கு 30,000 யென் வைப்பது வழக்கம், நம் பணத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேல். அதே அளவில் 15,000 ரூபாயைக் கவரில் போட்டு மொய் எழுதுபவரிடம் கொடுத்தார். கோர்ட் ஆட்கள் ஆளுக்கு 1,001 எழுதியிருந்தார்கள். மொய் நோட்டில் ஏறியது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். இவர் வீட்டில் இங்கே எந்த விசேஷமும் நடக்கப் போவதில்லை, அப்படியே நடந்தாலும் 15,000 அந்தக் குடும்பத்துக்குப் பாரம். மொய்யைத் திருப்பிக் கொடுத்தால் அவமதிப்பு. இந்த முடிச்சில் மெடிக்கல்காரர் ஒரு வாரம் கோர்ட்டுக்கு வரவில்லை. மனிதவள அதிகாரி நடுவில் நின்று பேசியதில் வழி பிறந்தது. நோட்டில் 1,001 இருக்கட்டும், மீதியில் கோர்ட்டுக்குப் புது நெட்டும் இரண்டு விளக்கும் மணமக்கள் பெயரில் வாங்கலாம் என்று முடிவானது. இனி எந்த விசேஷத்துக்கும் போகும் முன், 'மத்தவங்க எவ்வளவு எழுதறாங்க' என்று குழுவில் ஒருவரைக் கேட்டுவிட்டுப் போவது என்று வைத்துக்கொண்டார்.

ஆடியில் தெரு அம்மன் கோயிலுக்குக் கூழ் வார்க்க வீட்டுக்கு 300 ரூபாய் வசூல். இந்த முறை 300 தான் கொடுத்தார். கூடுதலாகச் செய்ய விரும்பியதை உடம்பால் செய்தார். இரண்டு மணி நேரம் அண்டா பக்கத்தில் நின்று கேழ்வரகுக் கூழை மொண்டு ஊற்றினார். அந்தத் தெருவின் பெண்களும் பிள்ளைகளும் அவரோடு முதன்முதலில் பேசியது அன்றைக்குத்தான்.

வேலை கேட்பது வேறு பிரச்சினை. 'எங்க பையனுக்கு ஒரு வேலை' என்று கோர்ட்டிலேயே ஒரே மாதத்தில் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவருக்குச் செய்தால் மற்றவர்களோடு உறவு முறியும், ஆலையிலும் கேள்வி வரும். ஆள் எடுப்பதில் தனக்குப் பங்கில்லை என்பதை அவர் எல்லோர் முன்னாலும் ஒரே தடவையாகச் சொன்னார். அதோடு, ஆலை பொதுவில் நேர்முகத் தேர்வு அறிவித்தால் அந்த அறிவிப்பைக் குழுவின் வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் போடுவதாக ஒப்புக்கொண்டு, சொன்னபடி செய்தார். தனித்தனியாகத் தயங்கி மறுத்திருந்தால் 'அவனுக்குச் செய்வார், நமக்குச் செய்யல' என்றுதான் பேச்சு போயிருக்கும்.

கைமாத்து விஷயத்தில் முடிவு நல்லபடியாக இல்லை. குழுவில் ஒருவர் 20,000 கேட்டார், இவர் 5,000 கொடுத்தார். திருப்ப முடியாத அந்த ஆள் கோர்ட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பணம் வேண்டாம், வந்து ஆடச் சொல்லுங்கள் என்று மாஸ்டர் மூலம் சொல்லியனுப்பியும் வரவில்லை. கடன் தொகையைவிட, எதிரே வந்து உட்கார வேண்டிய வெட்கம்தான் தடுத்தது என்று மாஸ்டர் சொன்னார். மறுத்திருந்தால் ஒரு வாரம் முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான்.

என்ன ஆனது

கோர்ட்டில் சேர்ந்து பதினைந்து மாதம் கழித்து, ஏப்ரலில் ஓர் இரவு மூன்று மணிக்கு இறால்காரரிடமிருந்து போன். குட்டையில் கரன்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் பிடிக்கவில்லை. வனாமி இறால் குட்டையில் இரவு முழுதும் பாசியும் சேர்ந்து மூச்சு விடுவதால் நீரில் ஆக்சிஜன் விடியும் முன்தான் மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு நான்கு மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் ஏரேட்டர்கள், அதாவது நீரில் காற்றைக் கலக்கும் துடுப்பு இயந்திரங்கள், காக்க வேண்டும். நின்றுபோனால் இறால் கரையோரம் வந்து மேலே மிதக்கத் தொடங்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் குட்டை இறால் முழுதுமே போய்விடலாம். மெக்கானிக்கின் பைக்கின் பின்னால் உட்கார்ந்து இவர் போனார். இன்னொருவர் டீசல் கேனோடு வந்தார். மெக்கானிக் ஜெனரேட்டரில் ஏறியிருந்த காற்றை எடுக்க, இவர் டார்ச் பிடித்தார். வேறு பெரிய வேலை எதுவும் செய்யவில்லை. நாலே கால் மணிக்கு துடுப்புகள் சுழன்றன. பெரும்பாலான இறால் பிழைத்தது.

பொறியாளர் என்பதால் கூப்பிட்டார்களா என்று பின்னால் இறால்காரரிடம் கேட்டோம். "இல்லைங்க, அந்த நேரத்துல போன் பண்ணா எடுக்கற ஆளுங்கள மட்டும்தான் கூப்பிட்டேன்" என்றார். உள்ளூர் நட்பு அமைந்ததா என்பதற்கு இதைவிட உறுதியான அளவுகோல் எங்களுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் வருவாரா என்பது ஒரு பக்கம். நம்மைக் கூப்பிடத் தோன்றுகிறதா என்பதே மறுபக்கம், வெளிநாட்டவருக்கு அதுதான் தாமதமாகக் கிடைக்கிறது.

பணிக்காலம் முடியும்போது அவர் கணக்கில் நெருங்கிய நண்பர்கள் மூன்று பேர். பழக்கத்துக்கு உரியவர்கள் இருபதுக்கு மேல். பழைய ஆலை ஊழியர்களில் ஒருவர் மட்டும், அதுவும் வேறு நிறுவனத்துக்கு மாறிய பிறகு, நண்பரானார். இடையில் நண்பர் வீட்டுத் திருவிழாவுக்குக் கிராமத்தில் இரவு தங்கச் சொல்லி அழைப்பு வந்தபோது, தங்க வைக்கும் வீட்டாரும் அப்போது படிவம் சி தாக்கல் செய்ய வேண்டியிருந்ததால், நிகழ்ச்சி முடிந்து இரவே திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டார். நண்பருக்கு அலைச்சல் வராமல் இருக்க அது சரியான முடிவு. ஜப்பான் திரும்பிய பிறகும் குழுவின் வாட்ஸ்அப்பில் இருக்கிறார். ஆங்கில எழுத்தில் வரும் தமிழை வாசிப்பது அவருக்குக் கடினம், அதனால் அவருக்கு மட்டும் குரல் பதிவு அனுப்புகிறார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

சென்னையில் கழிந்த ஐந்து மாதமும், விருந்துக்குப் பின் வீட்டுக்குள் அடைந்த மூன்று மாதமும் தவிர்த்திருக்கக் கூடியவை. ஆலையின் மனிதவளப் பிரிவுகள், புதிதாக வருபவருக்கு வீடு பார்த்துக் கொடுக்கும்போதே நடந்து போகும் தூரத்தில் என்ன கூடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லலாம். ஷட்டில் ஷெட், வாலிபால் மைதானம், நூலகம், கோயில் குழு, எதுவானாலும் சரி. இதற்குச் செலவு ஏதும் இல்லை.

முதல் மாதத்திலேயே இரண்டு பஞ்சாங்கத்தின் விரத மாதங்கள், மொய்க்கு வழக்கமான தொகை, வசூலுக்கு வழக்கமான தொகை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் பாதிச் சங்கடம் நடந்திருக்காது. கைமாத்துக்கு 'கொடுப்பதில்லை' என்பதே விதியாக இருக்க வேண்டும், எவ்வளவு சிறிய தொகையானாலும்.

இந்த வழி ஆணுக்குப் பொருந்திய வழி என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஷெட்டில் பெண்கள் ஒருவரும் இல்லை, காலை ஐந்தரைக்கு அந்தத் தெருவில் ஒரு பெண் தனியாக நடந்து போவதும் எளிதல்ல. வருபவர் பெண்ணாக இருந்தால் கீழ்வீட்டு அம்மாவின் கிண்ணத்திலிருந்தும், கூழ் வார்க்கும் அண்டாவிலிருந்தும் தொடங்குவதே நடக்கக் கூடியது. அங்கேயும் திண்டுக்கு இணையான நேரம் உண்டு. மாலையில் பூக்கட்டும்போது, குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போது. ஆனால் அதை வீட்டுக்காரப் பெண் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கும், தானாகப் போய் உட்கார முடியாது. குடும்பத்தோடு வருபவர்களுக்குப் பிள்ளைகளின் பள்ளி வேன் நிற்கும் இடமே முதல் வாசல்.

கடைசியாக, தெலுங்கு. குழுவில் வங்கி ஊழியரும் இன்னொருவரும் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். தமிழ் நன்றாக வரும் என்பதால் இவரோடு தமிழிலேயே பேசினார்கள், இவரும் தெலுங்கில் நாற்பது வாக்கியத்தோடு நின்றுவிட்டார். நெருங்கிய மூவரில் அந்த இருவரும் இல்லை. எல்லை ஊரில் தமிழ் பிடிபட்ட மூன்றாவது மாதத்திலேயே வாரம் ஒரு வகுப்பைத் தெலுங்குக்கு மாற்றியிருக்க வேண்டும் என்று தமிழ் ஆசிரியையும் சொல்கிறார். ஜப்பானியரின் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் பொறியாளருக்கு அந்த ஏற்பாடு முதலிலேயே செய்யப்பட்டிருக்கிறது. பாடம் சொல்ல வருபவர் அந்த வங்கி ஊழியரின் மனைவி.